ஒரு படமும் ஒரு புத்தகமும்

அமெரிக்க நூல் நிலையங்களை ஆட்டி வைத்த சித்திரக் கதை

ஒரு புத்தகத்தின் மேல் உள்ள கோபத்தில் ஓர் ஊர் தன் நூல் நிலையத்தையே மூடிவிடத் துணியுமா?

துணிந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் ஜேம்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுமார் பத்தாயிரம் பேர் வசிக்கும் இடம். தெய்வ பக்தியும் கட்டுப்பாடும் மிகுந்த குடும்பங்கள். அந்த ஊருக்குப் பொதுவாக "பாட்மோஸ் நூல் நிலையம்" என்று ஒன்று உண்டு. அதன் ஆண்டுச் செலவு சுமார் 2 லட்சத்து 45 ஆயிரம் டாலர். இதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் ஊரார் கட்டும் சொத்து வரியிலிருந்து வருகிறது. அந்த வரி தொடர வேண்டுமா, வேண்டாமா என்று சில வருஷங்களுக்கு ஒரு முறை ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும்.

2022 ஆகஸ்டு மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 62 பேர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்!

வரிச் சுமை தாங்காமல் அப்படிச் சொன்னார்களா? இல்லை. நூல் நிலையத்தில் ஒரு சித்திரக் கதைப் புத்தகம் இருந்தது. "அதை எடு" என்றார்கள். அதோடு அதைப் போன்ற வேறு சில புத்தகங்களையும் எடுக்கச் சொன்னார்கள். புத்தகம், படச்சுருள் எல்லாம் சேர்த்து அங்கே சுமார் 67 ஆயிரம் உருப்படிகள் இருந்தன. தகராறுக்கு உள்ளான விஷயத்தைத் தொட்டவை ஏறக்குறைய 90. அந்தத் தொண்ணூறுக்காக அறுபத்தேழாயிரமும் போனால் போகட்டும் என்ற அளவுக்குக் கோபம் முற்றியிருந்தது. நூல் நிலையத் தலைவி தொல்லை பொறுக்காமல் வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவரும் விலகினார்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று சிலர் சிரித்தார்கள். ஆனால், ஊராரின் அச்சத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியுமா? அப்படி அந்தப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது?

புத்தகத்தின் கதை

புத்தகத்தின் பெயர் "ஜெண்டர் க்வீர்". "ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்காதவர்" என்று பொருள் கொள்ளலாம். எழுதி வரைந்தவர் மையா கோபேப். 1989-ல் பிறந்தவர், கலிபோர்னியாவைச் சேர்ந்தவர். வர்ணம் தீட்டியவர் உடன்பிறந்த ஃபீபி கோபேப். 2019-ல் வெளிவந்தது. முதல் பதிப்பு 5 ஆயிரம் பிரதிகள்தான். கற்பனைக் கதை அல்ல. கோபேப் தம்முடைய சொந்த வாழ்க்கையையே படங்களாக வரைந்திருக்கிறார்.

பெண் குழந்தையாகப் பிறந்து, பெண்ணாக வளர்க்கப்பட்டவர். ஆனால், "நான் பெண் அல்ல, ஆணும் அல்ல" என்ற உணர்ச்சி சிறு வயது முதலே அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. பருவம் அடைந்தபோது மற்றப் பெண்களுக்குச் சாதாரணமாகத் தோன்றிய உடல் மாற்றங்கள் அவருக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்தன. காதல், கலியாணம் என்று தோழிகள் பேசும்போது தமக்கு அந்த ஆசையே எழவில்லையே என்று குழம்பினார். யாரிடம் கேட்பது? எந்தச் சொல்லால் கேட்பது? அந்தச் சொல்லைத் தேடி அலைந்த கதைதான் இந்தப் புத்தகம்.

இன்னொரு சங்கதியும் அதில் வருகிறது. கோபேப்புக்குப் பதினோரு வயது வரை சரியாகப் படிக்க வராது. கதைப் புத்தகத்தின் மேல் உண்டான ஆசைதான் கடைசியில் படிக்க வைத்தது. அப்படிப் படிக்கத் தெரியாமல் இருந்த குழந்தை, பின்னால் நூல் நிலையத்திலேயே பல வருஷம் வேலை பார்த்தது! தம்மைப் பற்றித் தாமே அறிந்துகொண்டதெல்லாம் புத்தகங்களின் வழியாகத்தான் என்பது அவர் கதையிலேயே தெரிகிறது.

ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது "அவன்" அல்லது "அவள்" என்று சொல்வதே பொதுவான வழக்கம். இரண்டும் வேண்டாம் என்று கோபேப் புதிய சுட்டுப் பெயர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். வீட்டாரிடமும் சிநேகிதர்களிடமும் அதைச் சொல்லப் பட்ட சங்கடம் புத்தகத்தில் பல பக்கங்களுக்கு நீளுகிறது. தமிழ் வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றும். நம் மொழியில் "அவர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. ஒரு மொழிக்காரர் ஒரு நாளில் நூறு முறை சாதாரணமாகச் சொல்லும் சொல்லை, இன்னொரு மொழிக்காரர் போராடித்தான் பெற வேண்டியிருக்கிறது.

சரி, தகராறு எங்கே வந்தது? சுமார் 240 பக்கம் உள்ள அந்தப் புத்தகத்தில் ஒரு சில கட்டங்களில் உடலுறவு பற்றிய காட்சிகள் மறைவின்றி வரையப்பட்டிருக்கின்றன. ஆசையைத் தூண்டுவதற்காக வரைந்தவை அல்ல. "இது எனக்கு ஏற்றதல்ல" என்று கதைக்கு உரியவர் உணர்ந்துகொள்ளும் இடம் அது. ஆனாலும் படம் படந்தான். அந்தச் சில கட்டங்களே ஊரைக் கூட்டிவிட்டன.

பள்ளிக்கூடத்துக்குள் வந்தது எப்படி?

சிறுவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகம் அல்ல இது. உயர்நிலைப் பள்ளி வயதினருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்குமே ஏற்றது என்று கோபேப்பே சொல்லியிருக்கிறார். பின் எப்படிப் பள்ளி அலமாரியில் ஏறியது?

அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் "அலெக்ஸ் விருது" என்று வழங்குகிறது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டிருந்தாலும் 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களின் மனத்தைக் கவரக்கூடிய பத்துப் புத்தகங்களுக்கு அந்த விருது கிடைக்கும். 2020-ல் இந்தப் புத்தகமும் அதைப் பெற்றது. விருது பெற்ற புத்தகங்களைப் பள்ளி நூலகர்கள் வாங்குவது வழக்கம். அப்படி வாங்கப்பட்டு, உயர்நிலைப் பள்ளி அலமாரிகளில் போய் அமர்ந்தது. ஒன்றரை வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2021 செப்டம்பரில் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் ஜில்லாவில் பள்ளிக் குழுவின் கூட்டம் நடந்தது. ஒரு தாயார் எழுந்தார். புத்தகத்தின் சில கட்டங்களைப் பெரிதாக்கிக் கையில் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். "இதைத்தான் என் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்களா?" என்பதே அவர் கேள்வி. கூட்டத்தின் சலனப்படம் நாடு முழுவதும் பரவியது. அதன் பின் ஊருக்கு ஊர் அதே படங்கள், அதே கேள்வி!

படத்தின் பலம்

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. எழுத்தில் உள்ள ஒரு நாவலைக் குற்றம் சாட்ட வேண்டுமானால், கூட்டத்தில் நின்று ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் முன்பின் கதையைக் கேட்பார்கள். சித்திரக் கதைக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரே கட்டத்தைப் பிய்த்து எடுத்து உயர்த்திக் காட்டினால் போதும். ஒரு விநாடியில் வேலை முடிந்துவிடும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் இருக்கும் நூறு பக்கத்தையும், பின்னால் இருக்கும் நூறு பக்கத்தையும் யார் கையில் தூக்கிக் காட்ட முடியும்?

சித்திரக் கதையில் ஒரு கட்டம் என்பது வாக்கியத்தில் ஒரு சொல் மாதிரி. சொல்லை மட்டும் தனியே எடுத்தால் வாக்கியத்தின் பொருள் தெரியாது. ஆனால், சொல்லைப் பார்த்து அதிர்ச்சி அடையாதவர்கள்கூடப் படத்தைப் பார்த்தால் அதிர்ச்சி அடைவார்கள். அதனால்தான் சித்திரக் கதைக்கு எதிரிகள் சுலபமாகச் சேர்ந்துவிடுகிறார்கள்.

1954-ல் நடந்தது

இது புதுச் சண்டையும் அல்ல. ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஒரு முறை நடந்து முடிந்த சண்டை.

நியூயார்க் நகரில் பிரெடரிக் வெர்தாம் என்று ஒரு மனநோய் டாக்டர் இருந்தார். ஏழை நீக்ரோ மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் மருத்துவ நிலையம் நடத்திய நல்ல மனிதர். 1954-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். சிறுவர்கள் கெட்டுப்போவதற்குச் சித்திரக் கதைகளே காரணம் என்றார். கதைகளிலிருந்து தனித்தனிக் கட்டங்களைப் பிய்த்து எடுத்துத் தம் புத்தகத்தில் அச்சடித்துக் காட்டினார். பேட்மேனும் ராபினும் சேர்ந்து வாழ்வதில் தன்பால் ஈர்ப்பின் நிழல் தெரிகிறது என்றும் எழுதினார். நாடு கொதித்தது. செனட் சபையின் உபகுழு அதே வருஷம் விசாரணை நடத்தியது.

பதிப்பாளர்கள் நடுங்கிப் போனார்கள். சர்க்கார் சட்டம் போடுவதற்கு முன் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதியை எழுதிக்கொண்டார்கள். ஆண் பெண் உறவின் பழைய வழக்கத்துக்கு மாறான எதையும் குறிப்பாகக்கூடக் காட்டக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. விதிக்கு உட்பட்ட புத்தகத்துக்கு ஒரு முத்திரை கிடைக்கும். முத்திரை இல்லாததை மொத்த வியாபாரிகள் பெரும்பாலும் தொடமாட்டார்கள். பல கம்பெனிகள் மூடப்பட்டன. படம் வரைபவர்கள் பலர் வேலை இழந்தார்கள்.

கோபேப்பைப் போன்ற ஒரு குழந்தை 1960-ல் கடைக்குப் போய்ச் சித்திரக் கதை வாங்கியிருந்தால், தன்னைப் போன்ற ஒருவரை அதில் கண்டிருக்கவே முடியாது. அந்த விதியின் பலன் அது.

அந்த விதி காலப்போக்கில் தளர்ந்து, 2011-ல் கடைசிப் பதிப்பாளரும் கைவிட, மறைந்துபோனது. வெர்தாமின் காகிதங்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூல் நிலையத்தில் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த கேரல் டில்லி என்ற பேராசிரியை 2012-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். சிறுவர்கள் சொன்னதை டாக்டர் பல இடங்களில் திருத்தியும், பலர் சொன்னதை ஒருவர் சொன்னது போலச் சேர்த்தும் எழுதியிருக்கிறார் என்பதே அது. உண்மை வெளிவரும்போது டாக்டர் காலமாகி முப்பது வருஷம் ஆகிவிட்டது. வேலை இழந்த சித்திரக்காரர்களுக்கு அந்த உண்மையால் என்ன பயன்?

முழுவதும் படித்தவர்கள்

மறுபடியும் ஃபேர்ஃபாக்ஸுக்கு வருவோம். தாயாரின் புகார் வந்ததும் பள்ளி அதிகாரிகள் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தார்கள். ஆனால், அதோடு விட்டுவிடவில்லை. பள்ளி ஊழியர், பெற்றோர், மாணவர் ஆகியோர் அடங்கிய குழுக்களை அமைத்தார்கள். அவர்களுக்கு இட்ட வேலை, புத்தகத்தை முழுவதும் படிப்பது. படித்தார்கள். 2021 நவம்பரில் புத்தகம் உயர்நிலைப் பள்ளி அலமாரிகளுக்குத் திரும்பி வந்தது. ஆபாச நூல் அல்ல என்பது அவர்கள் முடிவு.

அதே வர்ஜீனியாவில், வர்ஜீனியா பீச் நகரில், அரசியல்வாதிகள் இருவர் கோர்ட்டுக்குப் போனார்கள். பெற்றோர் அனுமதி இல்லாமல் சிறுவர்களுக்கு இந்தப் புத்தகத்தை விற்கக் கூடாது என்று கேட்டார்கள். 2022 மே மாதம் நீதிபதி வழக்கை விசாரணைக்கு ஏற்றார். ஆகஸ்டு 30-ந் தேதி தள்ளுபடி செய்தார். வழக்குக்கு ஆதாரமாகக் காட்டிய பழைய மாநிலச் சட்டமே அரசியல் அமைப்புக்கு முரணானது என்பது தீர்ப்பு.

"ஆபாசம்" என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1973-ல் மில்லர் வழக்கில் ஓர் இலக்கணம் வகுத்தது. ஒரு படைப்பை முழுமையாக எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அதற்கு இலக்கிய, கலை, அரசியல், விஞ்ஞான மதிப்பு உண்டா என்று கேட்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி. "முழுமையாக" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் தூக்கிக் காட்டும் ஒற்றைப் படம் இந்தப் பரீட்சையில் நிற்காது.

யார் கேட்கிறார்கள்?

அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. புத்தகங்களை நீக்கும்படி 2021-ல் வந்த கோரிக்கைகள் 729. அடுத்த வருஷமே அது 1,269 ஆக உயர்ந்தது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருஷமும் பட்டியலில் முதலிடம் "ஜெண்டர் க்வீர்" புத்தகத்துக்கே. 2024-ல்தான் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

கோரிக்கை விடுப்பவர்கள் எல்லோரும் கவலை கொண்ட பெற்றோர்தாம் என்று எண்ணத் தோன்றும். 2024-ம் வருஷக் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. நூற்றுக்கு 72 கோரிக்கைகள் இயக்கங்களிடமிருந்தும், அரசியல் பதவியில் இருப்பவர்களிடமிருந்தும், நிர்வாகிகளிடமிருந்தும் வந்தவை. பெற்றோர் தாமாகக் கேட்டவை நூற்றுக்கு 16 தான். ஓர் ஊரில் ஒருவர் தயாரித்த பட்டியல் பத்து ஊர்களில் படிக்கப்படுகிறது. பட்டியலைப் படிப்பவர் புத்தகத்தைப் படித்தாரா என்பது வேறு கேள்வி.

தாயின் கவலை

அப்படியானால் தாயாரின் கேள்வியில் நியாயமே இல்லையா?

உண்டு. பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று கேட்கப் பெற்றவளுக்கு உரிமை இல்லை என்றால், வேறு யாருக்கு உரிமை? வயது பார்த்துப் புத்தகத்தை வைக்க வேண்டும் என்பதை நூலகர்களும் மறுக்கவில்லை. தொடக்கப் பள்ளி அலமாரியில் இந்தப் புத்தகத்துக்கு வேலை இல்லை. "என் மகனுக்கு இதைக் கொடுக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு பல பள்ளிகளில் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், "என் பிள்ளைக்கு வேண்டாம்" என்பதற்கும் "ஊரில் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்" என்பதற்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. முதல் வார்த்தை தன் வீட்டைக் காப்பது. இரண்டாவது வார்த்தை அடுத்த வீட்டுக்குள் நுழைவது. அந்த அடுத்த வீட்டில் தன் குழப்பத்துக்குச் சொல் கிடைக்காமல் தவிக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இருக்கலாம். அதைப் பெற்ற தாயும் தாய்தானே!

2025-ல் வந்த இரண்டு தீர்ப்புகள் இந்த வேலியின் இரண்டு பக்கத்தையும் தொட்டன. ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, மேரிலாந்து மாநிலத்துப் பெற்றோர் தொடுத்த வழக்கில், வகுப்பில் நடத்தப்படும் சில கதைப் புத்தகங்கள் தங்கள் மத நம்பிக்கைக்கு மாறானவை என்றால் தங்கள் பிள்ளைகளை அந்தப் பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்றது. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். இது தன் பிள்ளையைப் பற்றிய உரிமை.

மற்றொன்று டெக்ஸாஸ் மாநிலத்தின் லானோ ஜில்லா வழக்கு. பொது நூல் நிலையத்திலிருந்து 17 புத்தகங்களை அதிகாரிகள் எடுத்துவிட்டார்கள். படிக்கும் உரிமை போயிற்று என்று ஊரார் சிலர் வழக்குப் போட்டார்கள். எந்தப் புத்தகத்தை வைப்பது என்பது சர்க்கார் தன் கருத்தைச் சொல்வது போன்றது. அதை எதிர்த்து வாசகர் வழக்காட முடியாது என்று மே மாதம் அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது. டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்தது. டெக்ஸாஸ், லூசியானா, மிஸிஸிப்பி ஆகிய மூன்று மாநிலங்களில் இனி அலமாரியைக் காப்பாற்ற வாசகருக்குக் கோர்ட்டு இல்லை. ஓட்டுப் பெட்டிதான் உண்டு.

ஓட்டுப் பெட்டி சொன்னது

அந்த ஓட்டுப் பெட்டி என்ன செய்யும் என்பதற்கு ஜேம்ஸ்டவுனே உதாரணம்.

முதல் ஓட்டெடுப்பில் வரி தோற்றதும் நாடு முழுவதிலுமிருந்து நன்கொடை வந்து குவிந்தது. நோரா ராபர்ட்ஸ் என்ற பிரபல நாவலாசிரியை மட்டும் 50 ஆயிரம் டாலர் அனுப்பினார். ஆனால், வெளியூர்ப் பணம் ஊராரின் மனத்தை மாற்றவில்லை. 2022 நவம்பரில் இரண்டாம் முறை ஓட்டெடுப்பு நடந்தது. மறுபடியும் "வேண்டாம்" என்றே முடிவு!

நூல் நிலையம் என்பது வெறும் புத்தக அலமாரி அல்ல என்பது அதன் பிறகுதான் உறைத்தது. சிறு குழந்தைகளுக்குக் கதை சொல்லும் இடம் அது. கிழவர்கள் பத்திரிகை படிக்கும் இடம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு அது கிடைக்கும் இடம். அத்தனையும் பூட்டப்படும் நாள் நெருங்கி வந்தது. 2023 நவம்பரில் மூன்றாம் முறை ஓட்டெடுப்பு நடந்தது. இந்த முறை வரி ஜெயித்தது. கதவு திறந்தே இருக்கிறது.

தகராறுக்கு உள்ளான புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு காட்சி வருகிறது. கோபேப் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறார். தம்மைப் பற்றிய உண்மையை அவர்களிடம் சொல்லலாமா என்று தயங்குகிறார். சொல்லாமலே வகுப்பு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காவது அது ஆறுதலாக இருந்திருக்குமோ என்று பிறகு மனம் வருந்துகிறார். புத்தகம் எழுதியதற்கு அந்த வருத்தமே காரணம் சொல்கிறது.

கூட்டத்தில் தூக்கிக் காட்டிய படத்தை நாடே பார்த்துவிட்டது. இந்தக் கடைசிப் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போனவர்கள் மட்டுந்தான்.